ஆயில் சீல்: ‘எண்ணெய் அடைப்பான்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களுக்காக நாம் உருவாக்கிவரும் பழுதுநீக்கக் கையேட்டில், சுழலும் தண்டைச் சுற்றி உட்கார்ந்து கசிவைத் தடுக்கிற வளையமான ஆயில் சீலுக்கு ‘எண்ணெய் அடைப்பான்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. உதிரிபாகம் விற்கும் இணையப் பக்கங்களில் பொறி மொழிபெயர்ப்பால் புகுந்துவிட்ட ‘எண்ணெய் முத்திரை’யைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலானது, அரக்கில் குத்துகிற முத்திரைக்கு எஞ்சினுக்குள் வேலையே இல்லை. ஆயினும், இச்சொல்லின் இரு பகுதிகளையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கருதுகிறேன். இவ்வண்டிகளில் அந்த உறுப்பு செய்கிற முதன்மையான வேலை எண்ணெயைத் தடுப்பதன்று. அதன் வேலைமுறையும் அடைப்பதன்று.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் 1996 வரை தயாரித்த வண்டிகளில் மிகுதியும் ஓடியது 250 சிசி இருவீச்சு எஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக். இவ்வகை எஞ்சினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையே ஒரு பம்பாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலேறும்போது அறைக்குள் அழுத்தம் குறைந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது; பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் ஏறுகிறது. கிராங்க் தண்டு இந்த அறையின் இரு பக்கச் சுவர்களையும் கடந்து வெளியே வருகிற இடங்களில்தான் நாம் பெயர் தேடுகிற வளையங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இடப்பக்கம், எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கடத்தும் பிரைமரி செயினும் கிளட்சும் கியர் எண்ணெயில் நனைந்தபடி சுழல்கின்றன. வலப்பக்கம் இருப்பது டைனமோ. அது உலர்ந்த அறை, அங்கே எண்ணெய்க்கு இடமே கிடையாது. எண்ணெயே இல்லாத பக்கத்தில் நின்று காற்றைத் தடுக்கிற வளையத்தையும் ‘எண்ணெய் அடைப்பான்’ என்று எழுதினால், கையேட்டை நம்பி வேலை செய்பவரை நாமே தவறான இடத்துக்கு அனுப்பியவர்கள் ஆவோம்.

இதை வெறும் சொல்லழகுப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. வலப்பக்க வளையம் காய்ந்து விறைத்துப்போனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலிகிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நிற்கும், பிளக் முனை வெளுத்துக் கிடக்கும், அப்படியே நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இடப்பக்க வளையம் போனாலோ கியர் எண்ணெய் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு எரிந்து, சைலன்சரில் வெண்புகையாக வெளியேறும். வண்டியின் அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது, ஆனால் கியர் எண்ணெயின் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே வரும். இரண்டு பழுதிலுமே கண்ணுக்குத் தெரிகிற கசிவு கிடையாது. ‘எண்ணெய் அடைப்பான் பழுது’ என்று படிப்பவர் எஞ்சினின் வெளிப்புறத்தைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுவார். கிடைக்காததால் கார்புரேட்டர் திருகுகளைத் திருகத் தொடங்குவார். பட்டறைகளில் இப்படி வீணாகும் பிஸ்டன்கள் கொஞ்சமல்ல.

அடுத்து ‘அடைப்பான்’. அடைப்பு என்றால் குழாயில் அழுக்குச் சேர்ந்ததுபோல முழுவதுமாக மறிப்பது என்ற எண்ணம் வருகிறது. புதிய வளையம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அமைப்பு வேறாக இருப்பது தெரியும். வெளியே ஓர் உலோகக் கூடு. அதன் உட்புறத்தில் மெல்லிய ரப்பர் இதழ். இதழின் முதுகில், தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும்படி, தலைமயிர்போல மெலிந்த கம்பியைச் சுருட்டி வளையமாக்கிய ஒரு ஸ்பிரிங். இதழ் தண்டைத் தொடுகிற பட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவு. அந்தத் தொடுகோட்டின் அடியில் நுண்ணிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் உலர்ந்து சுழன்றால் இதழ் விரைவிலேயே கருகிவிடும். புதிய வளையத்தைப் பொருத்துமுன் இதழில் எண்ணெயோ கிரீசோ தடவச் சொல்வது அதனால்தான். ஆக, இந்த உறுப்பு தண்டை அணைத்தபடி, அது சுழல இடம் கொடுத்து, ஒரு பக்கத்தின் அழுத்தம் மறுபக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறது.

பன்னாட்டுத் தர ஆவணங்களும் இந்த வேலையை வைத்தே பெயரிட்டுள்ளன. ஐ.எஸ்.ஓ. 6194 இதனைச் சுழல்தண்டுக்கான இதழ்வகை சீல் என்கிறது. ஜெர்மனியின் டின் 3760 தர ஆவணம் ஆரத்திசைத் தண்டு சீல் வளையம் என்கிறது. இரண்டு பெயர்களிலும் எண்ணெய் என்ற சொல் இல்லை. ஜெர்மனியில் மக்கள் வழக்கில் இதற்கு ‘சிம்மர்ரிங்’ என்று பெயர். வாய்ன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனத்துக்காக வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர் உருவாக்கிய வளையம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. தொடக்கத்தில் இதழ் தோலால்தான் செய்யப்பட்டது. செயற்கை ரப்பர் அதன் பின் வந்தது.

எனவே ‘சுழலணை’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். அணை என்பதில் தடுத்து நிறுத்துவதும் அணைத்துப் பிடிப்பதும் ஒருங்கே இருக்கின்றன. இந்த உறுப்புக்கு இரண்டுமே தேவை. தலையணை என்பதில் உள்ளதுபோல இரண்டாம் சொல்லாக வந்து எளிதில் ஒட்டவும் செய்கிறது. இதற்கு முன் ஒருவர் சொன்ன ‘தண்டணை’யும் இதே வழியில் அமைந்ததுதான், ஆனால் பேச்சில் அது தண்டனை என்றே காதில் விழும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். சுழலணை என்று கொண்டால் மற்றவற்றுக்கும் வழி பிறக்கிறது. முன்பக்க ஃபோர்க்கில் மேலும் கீழும் ஓடும் குழாயைப் பிடிக்கிற சீலைச் ‘சறுக்கணை’ எனலாம். அசையாத இரு முகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டுக்குப் பட்டறைகளில் ‘பேக்கிங்’ என்ற பெயர் வேரூன்றிவிட்டது. கையேட்டில் பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் மட்டும் ‘நிலையணை’ என்று எழுதினால் போதும்.

‘விளக்கை அணை’, ‘வண்டியை அணை’ என்ற பொருள் குறுக்கிடாதா என்று கேட்கக்கூடும். அது ஏவல் வினை. இது பெயர்ச்சொல்லோடு ஒட்டி நிற்பது. குழப்பம் வர வாய்ப்பில்லை. நால்வீச்சு, அதாவது ஃபோர் ஸ்ட்ரோக், எஞ்சின்களுக்கும் இச்சொல் பொருந்துகிறது. பழைய புல்லட்டின் கிராங்க் தண்டில் பிரைமரி பக்கம் உள்ள வளையம் கிராங்க் அறை எண்ணெயையும் பிரைமரி உறையின் எண்ணெயையும் பிரித்து வைக்கிறது. இரு பக்கமும் எண்ணெய் இருக்கிற அந்த இடத்தில் ‘எண்ணெய் அடைப்பான்’ எதை எதிலிருந்து காக்கிறது என்றே சொல்ல முடியாது.

மெக்கானிக்குகள் இனியும் ‘சீல்’ என்றுதான் சொல்வார்கள். கடையில் கேட்டு வாங்கவும் அதுவே உதவும். ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் முறை ‘ஆயில் சீல் எனப்படும் சுழலணை’ என்று எழுதிவிட்டு, பிறகு சுழலணை என்றே தொடரலாம். சொல் நடையில் உட்காருகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு பகுதியை எழுதிக் கீழே தந்திருக்கிறேன்.

“பழைய சுழலணையை நெம்பி எடுக்கும்போது ஸ்குரூடிரைவரின் முனை தண்டிலோ சுழலணை உட்காரும் துளையின் சுவரிலோ படக் கூடாது, ஒரு கீறல் போதும், புதிய சுழலணையும் கசியும். எடுத்த பின் தண்டைத் துணியால் துடைத்து, இதழ் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குமளவு பள்ளம் இருந்தால், இடம் அனுமதிக்கும் வண்டிகளில் புதிய சுழலணையைச் சற்றே உள்ளேயோ வெளியேயோ நிறுத்தி, இதழ் தேயாத பரப்பில் படும்படி செய்யலாம். இல்லையேல் தண்டுக்கு மெல்லிய உறை போட வேண்டும். சுழலணையின் மேல் பொறித்துள்ள மூன்று எண்களும் முறையே தண்டின் விட்டம், துளையின் விட்டம், வளையத்தின் அகலம் ஆகும். அவற்றைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே பொருத்துங்கள். தண்டின் சாவிப்பள்ளத்தையும் மரையையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடிவிட்டு, இதழில் எண்ணெய் தடவி, வெளிவிட்டத்துக்கு இணையான குழாய்த் துண்டை வைத்துச் சாயாமல் தட்டி இறக்குங்கள்.”

இந்தப் பகுதியில் ‘சுழலணை’ வருகிற இடங்களில் எல்லாம் ‘எண்ணெய் அடைப்பான்’ என்று மாற்றி வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதழின் முதுகில் உள்ள ஸ்பிரிங்குக்குக் ‘கச்சுச்சுருள்’ என்பது என் பரிந்துரை. கச்சு இடையை இறுக்கிக் கட்டுவது என்பதால் பொருந்தும் என்று நினைக்கிறேன். ‘வளையச்சுருள்’ போதும் என்று கருதுவோர் அதற்கான காரணத்தையும் எழுதினால், அடுத்த அத்தியாயம் அச்சுக்குப் போவதற்குள் இரண்டு சொற்களையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம்.