மறு: பட்டன் முதுகுல இருக்கிறதுக்கு 'ஆண்டுமுத்திரை' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மடலெல்லாம் படிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், பழைய பட்டனோட பின்பக்கம் பொறிச்சிருக்கிற எழுத்துக்குத் தமிழ்ப் பேரா ஐயா 'ஆண்டுமுத்திரை'யையே முடிவு பண்ணிடலாம்னு எழுதினதும் மனசு கேக்கல.

கலிஃபோர்னியாவுல பழைய தங்கச் சுரங்க கேம்ப்ல கிடைக்கிற கருப்பு ரப்பர் பட்டனையே எடுத்துக்குங்க. மண்ணைத் துடைச்சிட்டு டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சா பின்னாடி வட்டமா எழுத்து எழும்பி நிக்கும், குட்இயர், 1851. உடனே 1851ல செஞ்சதுன்னு நோட்டுல எழுதிடுவோம். ஆனா அது கெட்டி ரப்பருக்கு நெல்சன் குட்இயர் பேட்டன்ட் வாங்கின வருஷம்ங்க! அந்த பட்டனை அடிச்ச கம்பெனி ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான், பின்னாடி எத்தனையோ வருஷத்துக்கு அதே 1851ஐத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. லீவைஸ் ஜீன்ஸ்ல அடிச்சிருக்கிற ரிவெட்ல, அதான் அந்தக் குட்டி உலோக ஆணியில இருக்கிற 1873 மே மாசமும் இதே கதைதான், பேட்டன்ட் தேதி. 'இதுக்கு முன்னாடி இல்ல'ங்கிறதை மட்டும்தான் அது சொல்லும். 1849ல தோண்டின இடத்துல அந்த ரிவெட் கிடைச்சா, பிற்பாடு யாரோ அங்க வந்திருக்காங்கன்னு அர்த்தம், அவ்ளோதான்.

இன்னொண்ணு, 1800களோட முதல் பாதியில வந்த முலாம் பூசின பித்தளை பட்டன்கள். நிறையதுல வருஷமும் இருக்காது, கம்பெனி பேரும் இருக்காது, 'மூணு பூச்சு முலாம்', 'உசத்தி ஆரஞ்சு நிறம்'னு வெறும் பீத்தல்தான். இதுக்குப் போய் ஆண்டுமுத்திரைன்னா எப்படி?

அதனால நான் சொல்றது 'முதுகெழுத்து'. தலையெழுத்து மாதிரி இருக்குன்னு அக்கா சிரிப்பாங்க, இருக்கட்டுமே, ஒரு தடவை கேட்டா மறக்காதுல்ல.

அப்புறம் நூல் கோக்க பின்னாடி இருக்கிற கம்பி வளையத்துக்கு அகராதியைப் பாத்து 'தண்டு'ன்னு போட்டிருக்கீங்க. அங்க தண்டே இல்லையே? ஊசிக்குக் காது, அண்டாவுக்குக் காது, பட்டனுக்கு மட்டும் ஏன் கூடாது. காதுப் பட்டன், ஓட்டைப் பட்டன்னு பிரிச்சா டெய்லருக்கே புரியும். அந்தக் கம்பியோட ரெண்டு நுனியும் ஒட்டி நிக்கிறதை ஆல்ஃபாங்கிறாங்க, ரெண்டு பக்கமும் விரிஞ்சு படுத்திருந்தா ஒமேகா. நம்ம 'ஒட்டுக்கால் காது', 'விரிகால் காது'ன்னு வச்சுக்கலாம், காதுக்கு ஏது காலுன்னு யாரும் சண்டைக்கு வராம இருந்தா.

பெல்ட் பக்கிளுக்கு வச்ச பேர்ல எனக்கு தகராறு இல்ல. ஆஸ்திரேலியாவுல பல்லாரட் பக்கம் தங்கம் தோண்டினவங்க போட்ட பெல்ட்ல முள்ளே இருக்காது, எஸ் மாதிரி வளைஞ்ச பாம்பு ரெண்டு பக்கத்தையும் மாட்டிப் பிடிக்கும், அதுக்கு 'பாம்புக் கொக்கி' அருமை. அதை மாத்தாதீங்க.