ஸ்டெயின்லெஸ் வெல்டிங் புகையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

எங்கள் பட்டறையில் சில மாதங்களாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வேலை அதிகம். அப்போதிலிருந்து வெல்டர்களுக்குத் தொண்டை எரிச்சல், வறட்டு இருமல், மாலையில் தலைவலி. விடுமுறை நாளில் குறைகிறது, வேலைக்கு வந்ததும் திரும்புகிறது. புகைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்), நிக்கல் இரண்டும் இருக்கும். 2017-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையையே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலில், சேர்த்துவிட்டது. அதனால் இதை இப்படியே விட மனமில்லை.

மிக் வெல்டிங் (வயர் தானாக வந்து உருகும் முறை), 308எல் ஸ்டெயின்லெஸ் வயர் 1.2 மிமீ, காப்பு வாயு ஆர்கானோடு 2% கார்பன் டை ஆக்சைடு. மூடிய கூடம், ஒரே பக்கம் ஷட்டர்.

கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். புகை வெல்டரின் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகிறது. அப்புறம் 160 மிமீ குழாயுள்ள உறிஞ்சு கை (புகை வரும் இடத்துக்கு நகர்த்தி வைக்கும் உறிஞ்சுகுழாய்) வாங்கினோம். வாய்ப்பகுதி பக்கத்தில் இருந்தால் அருமையாக இழுக்கிறது, குழாயின் விட்டம் அளவு தள்ளினாலே இழுவிசை படுத்துவிடுகிறது. ஆனால் எங்கள் தையல்கள் (வெல்ட் இணைப்புக் கோடுகள்) நீளமானவை. அடிக்கடி நிறுத்தி நகர்த்த யாருக்கும் முடிவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மிகவும் நெருக்கினால் காப்பு வாயு கலைந்து தையலில் துளை விழுகிறது. டிக் முறைக்கு (உருகாத டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங்) மாறினால் புகை குறையும், ஆனால் இந்த வேலைக்கு வேகம் போதாது. துகள் முகமூடி தருகிறோம்; அது வெல்டிங் ஒளியால் உண்டாகும் ஓசோன் வாயுவைத் தடுக்காது, கடைசி அரணாகத்தான் அதைப் பார்க்கிறேன்.

புகை உறிஞ்சும் டார்ச்சை (உறிஞ்சு வசதி கைப்பிடியிலேயே உள்ள மிக் டார்ச்) நீளமான ஸ்டெயின்லெஸ் தையலில் தினமும் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: தையலில் துளை விழாமல் புகையை உண்மையிலேயே பிடிக்கிறதா?