கேடிவி கணிப்பில் முதல் முகடு 2-ஐத் தொடவில்லை, உதவி தேவை

மண்டபம் பக்கத்து ஆழமற்ற பாக் விரிகுடாவுக்காக, படிபோல் ஏறும் நீர்மட்டம் அலைத்தொடராக உடைவதைக் கேடிவி (கோர்ட்டெவெக்–டி விரீஸ், ஆழமற்ற நீரில் நீண்ட அலைகளுக்கானது) சமன்பாட்டில் கணக்கிடுகிறோம். நேரிலா உறுப்பின் கெழு 6, சிதறல் உறுப்புக்கு 1, படி உயரம் 1. விதம் (Whitham) என்பவரின் மாடுலேஷன் கோட்பாட்டை (அலைத்தொடரின் உயரமும் நீளமும் மெல்ல மாறுவதைக் கணிக்கும் முறை) வைத்துக் குரேவிச்–பிதாயெவ்ஸ்கி தரும் விடை: முன்முனை வேகம் 4, பின்முனை −6, முதல் சொலிட்டான் (வடிவம் மாறாமல் நகரும் தனி அலை) உயரம் 2. நேரம் 40-இல் எங்களுக்குக் கிடைப்பது 1.87 மட்டுமே. 20 செ.மீ. ஏற்றத்துக்கு 40 செ.மீ. முகடு வரவேண்டும் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

ஃபூரியே முறை, நீளம் 1024, புள்ளிகள் 8192, நான்காம் படி ரங்கே–குட்டா, கால அடி 0.001. சிதறல் உறுப்பைத் தொகைக்காரணியால் (integrating factor) தனியே பிரித்திருக்கிறோம், இல்லையென்றால் கால அடி 0.00018-க்கு மேல் போனால் கணக்கு வெடித்துவிடும். எல்லை சுழல்வதால் ஏறுபடி, இறங்குபடி இரண்டும் வேண்டும், இடைவெளி 512. ஏறுபடியிலிருந்து பரவும் விரிவலையும் (rarefaction) அலைத்தொடரின் பின்முனையும் நேரம் 42-ஐ ஒட்டி மோதும், அதற்குமேல் ஓட்டிப் பயனில்லை.

பாகுத்தன்மை நுழைந்திருந்தால் முகடு 1.5-ஐ நோக்கிச் சரியும். ஆனால் வர்க்கத் தொகை மாறவே இல்லை, வடிகட்டியும் கிடையாது. சந்தேகம், டான்எச் (tanh) வடிவில் 5 அகலத்துக்கு மழுக்கிய படிமேல்தான். அகலத்தை 1 ஆக்கினால் போதுமா? அல்லது முன்முனையில் நேரத்தின் லாக் (மடக்கை) அளவில் வரும் பின்தங்கலையும் கழித்துத்தான் ஒப்பிட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் அகலம், நேரம், முகடு மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.