புற்றரையில் அவரையம் செய்யும் வேலைக்கு ஒரு சொல்

ஹற்றன், மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களுக்கு வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் பால்மாடு வளர்ப்போருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கினிப்புல் போன்ற வெப்பவலயப் புற்களுக்கிடையே ஸ்டைலோ, சென்ட்ரோசீமா, டெஸ்மோடியம் ஆகிய அவரையங்களை, அதாவது அவரைக் குடும்பத் தீவனச் செடிகளை, விதைத்து, யூரியாவைக் குறைத்து, புல்லுக்கு வேண்டிய நைதரசனை அவற்றின் வழியாகவே பெறும் முறையைக் கையேடு விளக்குகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது பட்ட பாட்டை மறக்காத மக்கள் இதைத் தேடிப் படிப்பார்கள். முறையின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'நைதரசன் பதித்தல்' என்று எழுதிப் பார்த்தேன்; அது காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்குத் தரும் வேர்ப் பற்றீரியாவின் வேலையோடு நின்றுவிடுகிறது, புல்லுக்குப் போய்ச் சேருவது அதில் இல்லை. ஆகவே 'அவரையூட்டம்' என்று ஒன்றைக் கட்டியிருக்கிறேன். நிற்குமா?

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அவரை, ஊட்டம் இரண்டுக்கும் இடையில் யகர உடம்படுமெய் வந்திருக்கிறது, புணர்ச்சியில் குற்றமில்லை. குற்றம் பொருளில் இருக்கிறது. அவரையை ஊட்டுதலா, அவரை ஊட்டுதலா? இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் மாட்டுக்கு அவரை தின்னக் கொடுப்பது என்றாகும், பால்மாட்டுக்காரர் அப்படித்தான் விரிப்பார். நைதரசனையும் நாம் சுமந்து திரிய வேண்டியதில்லை. 1790இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இட்ட அந்தப் பெயரின் முற்பகுதி வெடியுப்பைக் குறித்த சொல். அதை ஒட்டியே நைத்திரிக் அமிலத்தை 'வெடியக் காடி' என்று தமிழகத்தில் எழுதியவர்கள் உண்டு. எனவே 'வெடியப்பேறு' என்பது என் முன்மொழிவு. 'பேறு' என்பது 'பெறு' என்ற பகுதி நீண்டு பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். பெறுகின்ற புல்லின் பக்கமாக நின்று பேசும் சொல்.

பண்டாரவளை, கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்:

ஐயா பொறுத்தருள வேண்டும். 'வெடியம்' என்று நான் வகுப்பில் சொன்னால் கல்லுடைக்கும் மருந்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். அதைவிட, 'ஊட்டம்', 'பேறு' இரண்டுமே நடப்பதை மறைக்கின்றன. அவரையத்தின் வேரில் பற்றீரியா குடியிருக்கும் முடிச்சை, அதாவது வேர்ச்சிறுகணு ஒன்றை, நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா வேலை செய்கிறது, பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் இல்லை. அங்கே பதிக்கப்படும் நைதரசன் முதலில் அவரையத்துக்கே போகிறது. அதன் இலை உதிர்ந்து, வேரும் சிறுகணுவும் மக்கி, அதை மேய்ந்த மாடு சாணமும் மூத்திரமும் இட்ட பிறகே பெரும்பங்கு புல்லை அடையும். விதைத்த முதற்பருவத்திலேயே புல் கரும்பச்சை ஆகவில்லை என்று என்னிடம் குறைப்படுகிறவர்கள் இதை அறியாதவர்கள்.

அவரையத்தின் நிலத்துக்கு மேலுள்ள பகுதியின் உலர்நிறை 1 தொன்னுக்கு ஏறத்தாழ 20 கிலோ நைதரசன் பதியும் என்பது பொதுக்கணக்கு. யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால், அது 50 கிலோ யூரியா மூடையொன்றில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் எங்கள் அமிலமண்ணில் பொசுபரசும் சுண்ணாம்பும் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு ஏட்டோடு சரி. யூரியாவை அள்ளிப் போட்டாலும் சிறுகணு சோம்பிவிடும், புல் உயர்ந்து அவரையத்தை நிழலில் அழுத்திவிடும். இவ்வளவு தாமதமும் தயவும் உள்ள கொடுக்கல் வாங்கலுக்குத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு சொல் இருக்கிறது: கைமாற்று. 'நைதரசன் கைமாற்று' என்று வைத்தால் என்ன?

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை:

சொல் அழகுதான், ஆனால் கைமாற்று வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். புல் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. என் மாணவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு நைதரசன், அவரையம், பதித்தல், வேர்ச்சிறுகணு என்றே படிக்கிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டில்தான் அந்த மாடு நிற்கிறது. பிள்ளை பாடநூலிலும் தந்தை கையேட்டிலும் வெவ்வேறு சொல்லைப் படிப்பது யாருக்கு நன்மை? 'அவரையவழி நைதரசன் வழங்கல்' என்று நீட்டி எழுதினால் குழப்பமில்லை. 'கடிசொல் இல்லை காலத்துப் படினே' என்று தொல்காப்பியமே இடங்கொடுக்கும்போது நைதரசனை ஏன் விரட்ட வேண்டும்?

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'காலத்துப் படினே' என்பதை ஊன்றிப் பாருங்கள். காலப்போக்கில் வழக்கில் விழுந்த சொல்லைக் கடியாதே என்கிறது நூற்பா. வெள்ளிக்கிழமைக்குள் விழுந்தாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. 'அவரையம்' மட்டும் மலையில் விழுந்துவிட்டதா? வெலிமடைத் தோட்டக்காரருக்கு அவரை என்றால் தெரிந்தது காய்கறிப் போஞ்சி. மாட்டுக்குப் போஞ்சி நடச் சொல்கிறார்கள் என்று அவர் கையேட்டை மூடிவைப்பார்.

பண்டாரவளை, போதனாசிரியர்:

இந்த அச்சம் நியாயமானது. ஒருவர் என்னிடம் அப்படியே கேட்டிருக்கிறார். போஞ்சியும் அதே குடும்பந்தான் என்று சொன்னபோது அவர் வேரைப் பிடுங்கிச் சிறுகணுவைத் தேடினார். ஆகவே 'அவரையம்' இருக்கட்டும், முதற்பக்கத்தில் ஸ்டைலோவின் படத்தைப் போடுங்கள். 'வழங்கல்' எனக்கு உவப்பில்லை. கூட்டுறவுக் கடையில் அரிசி வழங்குவது போல உடனே கையில் கிடைக்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. இருந்தாலும் எதிர்க்கவில்லை.

ஹற்றன், மொழிபெயர்ப்பாளர்:

தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் 'அவரையவழி நைதரசன் வழங்கல்' என்பதற்கு ஐவர், 'கைமாற்று' என்பதற்கு இருவர், 'வெடியப்பேறு' என்பதற்கு ஒருவர். நீளமானதையே இட்டுவிட்டேன், மறுபடி மறுபடி எழுதக் கை வலிக்கும் இடங்களில் 'அவரைய வழங்கல்' என்று சுருக்கியிருக்கிறேன். புல்லுக்கு நைதரசன் தாமதமாகச் சேர்வதை விளக்கும் பெட்டிச்செய்திக்குத் தலைப்பு 'புல்லுக்குக் கைமாற்று'. மெய்ப்புப் பிரதி நாளை வரும்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சுருக்கியதில் 'அவரையத்தை வழங்கல்' என்ற பழைய மயக்கம் திரும்ப வந்துவிட்டது. மெய்ப்பில் என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.