துரைமார் குடும்பங்களில் தோட்டம் யாருக்குப் போனது?

கேள்வி (தேவிகுளம்): மூணாறில் 1877இல் பூஞ்சாற்றுத் தம்புரானிடம் மன்றோ துரை மலையைப் பெற்றார் என்று படித்திருக்கிறேன். அக்காலத் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு அந்த நிலம் ஏன் சேரவில்லை?

மறுமொழி (பீர்மேடு): தொடக்கத்தில் தனியார் சிலர் காப்பியும், கொயினா மருந்துக்கான சின்கோனா மரமும் பயிரிட்டார்கள், 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவான பிறகு, வாரிசுகளுக்குக் கைமாறக்கூடியது நிலமல்ல, பங்குகள்தாம். மேனேஜர் துரை சம்பளக்காரர். பங்களாவும் வேலையோடு வந்து வேலையோடு போவது.

மறுமொழி (குமுளி): ஜமைக்காவின் கரும்புத் தோட்டக் குடும்பங்களில் நிலைமை வேறு. கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தப் பத்திரம் எழுதி, பெண்ணின் சொத்தை அறங்காவலர் பொறுப்பில் வைத்து, அவள் விதவையானால் ஆண்டுதோறும் தர வேண்டிய தொகையைத் தோட்டத்தின் மீதே சுமத்துவார்கள். சர்க்கரை விலை சரிந்தாலும் அந்தச் சுமை குறையாததால், மூத்த மகன் தோட்டத்தோடு கடனையும் சேர்த்தே பெற்றான். அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை தாயைப் போலவே அடிமை. விடுதலை பெற்ற கலப்பினப் பிள்ளைக்குத் தந்தை மனமுவந்து எழுதி வைத்தாலும் 2,000 பவுனுக்கு மேல் சேரக் கூடாது என்று 1761இல் சட்டமே இயற்றினார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கிய 2 கோடி பவுன் இழப்பீடும் உடைமையாளர்களுக்கும், அவர்களுடைய விதவைகள், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குமே போனது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

கேள்வி கேட்டவர்: நன்றி, ஐயா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டையும் ஓய்வு பெற்றதும் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், பிள்ளைகளில் ஒருவரையாவது தோட்ட வேலையிலேயே வைக்கும் குடும்பங்கள் இங்கு உண்டு.