சிக்னலே இல்லை, முள் மட்டும் சாயுது: ஆடியோ கம்ப்ரசர் தெரிஞ்சவங்க உதவணும்

வணக்கம் நண்பர்களே. 1176-ங்கிற பிரபல மாடல் பாணியில செஞ்ச பழைய எஃப்இடி (ஒருவகை டிரான்சிஸ்டர்) ராக் கம்ப்ரசர் ஒண்ணு, அதாவது சத்தம் ஏறினா தானா அளவைக் குறைக்கற கருவி, குரல் பதிவுக்காக வாங்கினேன். அட்டாக் குமிழை (எவ்வளவு வேகமா குறைக்கணும்னு வைக்கறது) வலப்பக்கம் திருப்பினாத்தான் வேகம் கூடும், 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும். அது பழகவே ஒரு வாரம் ஆச்சு!

இப்போ சிக்கல் வேற. போட்டு அரை மணி நேரம் சூடானதும், கெயின் ரிடக்‌ஷன் முள் (சத்தத்தை எவ்வளவு குறைக்குதுன்னு காட்டறது) தானா 2 டெசிபல் சாய்ஞ்சு நிக்குது. இன்புட் கேபிளைக் கழட்டினாலும் அதே கதை. குறைஞ்ச அளவுல 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டுப் பார்த்தேன்; முள் சாய்ஞ்ச பிறகும் அவுட்புட் துளிகூட இறங்கலை. முள்தான் பொய் சொல்லுதோ?

மீட்டர் ஜீரோ டிரிம்பாட்டை (முள்ளை ஜீரோவுல நிறுத்தற சின்னத் திருகு) திருப்பினாப் போதுமா, இல்லை எஃப்இடி பயாஸையும் (எஃப்இடிக்குப் போற அடிப்படை மின்னழுத்தம்) சரிபார்க்கணுமா? எதை முதல்ல தொடணும்? எல்லா கெப்பாசிட்டரையும் மாத்துன்னு ஒருத்தர் சொல்றார், எனக்கு மனசு ஒப்பலை.