சூடானதும் கரும்புகை விடும் எல்-ஜெட்ரானிக் வண்டி, சென்சார் மாற்றியும் தீரவில்லை

கரிப்பிளக் கேட்டது:

என்னிடம் இருப்பது 1976 மாடல், நாலு சிலிண்டர், எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் (உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் அமைப்பு). காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் குறை சொல்ல முடியாமல் ஓடும். இன்ஜின் சூடேறிய பிறகுதான் கூத்து. ஐடிலில் ஏறி இறங்கித் திணறுகிறது, சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது, பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால்தான் மறுபடி உயிர் வரும்.

இதுவரை வெப்பநிலை சென்சார் புதிது போட்டாயிற்று, இன்ஜெக்டர் நான்கையும் சுத்தம் செய்தாயிற்று. கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டரின் (குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் விடுவது) பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றிவிட்டு அழுத்தம் பார்த்தால் 2.5 பார். மெக்கானிக் 'இசியூ போச்சு' என்றார் (எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்யும் எலக்ட்ரானிக் பெட்டி), அலைந்து திரிந்து பழைய இசியூ ஒன்றை வாங்கி மாட்டினேன், அதிலும் அதே கதை. சூடான நிலையில் சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் 310 ஓம் வருகிறது, புத்தகத்தில் உள்ள அளவுதான். இனி எதை மாற்றுவது?

கார்புரேட்டர்தாசன்:

எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒரு கார்புரேட்டரை மாட்டுங்கள், நிம்மதி. (சரி சரி, அடிக்க வராதீர்கள்.)

வயர்நோண்டி:

இனி எதையும் மாற்ற வேண்டாம், அளக்க வேண்டியதுதான் பாக்கி. நீங்கள் சென்சாரைச் சென்சார் இருக்கும் இடத்தில் வைத்து அளந்திருக்கிறீர்கள், ஆனால் இசியூ சென்சாரைப் பார்ப்பது ஐம்பது வருடப் பழைய வயர், இரண்டு மூன்று கிரிம்ப் (நசுக்கிப் பொருத்திய இணைப்பு), ஒரு பிளக் எல்லாவற்றையும் தாண்டித்தான், அதனால் இசியூ பிளக்கில் என்ன அளவு வருகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். இந்த சென்சார் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். வழியில் எங்கோ களிம்பேறிய இணைப்பு ஒன்று 2000 ஓம் சேர்க்கிறது என்று வையுங்கள். காலையில் 2500 என்பது 4500 ஆகிறது, இசியூ பத்து டிகிரிக்கும் கீழே என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விடும், குளிர்ந்த இன்ஜினுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் இன்ஜின் சூடான பிறகு 300 என்பது 2300 ஆகிறது. கொதிக்கிற இன்ஜினுக்கு, இப்போதுதான் தூங்கி எழுந்ததைப் போல நினைத்து ஊற்றுகிறது. உங்கள் வண்டி செய்வது அச்சு அசலாக இதுதான்.

சாவியை அணைத்து, இசியூவின் 35 பின் பிளக்கைக் கழற்றி, வயரிங் வரைபடத்தில் சென்சாருக்குரிய பின் எது என்று பார்த்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவே இன்ஜின் சூடாக இருக்கும்போதே அளவு எடுங்கள். ஒன்று முக்கியம்: மீட்டரின் தடித்த முனையைப் பெண் டெர்மினலுக்குள் குத்தாதீர்கள், அது விரிந்துகொண்டால் இல்லாத கோளாறு ஒன்று புதிதாக முளைக்கும். பின்பக்க மூடியைக் கழற்றி வயர் நுழையும் பக்கத்திலிருந்து தொடுங்கள்.

மில்லிவோல்ட்:

வயர்நோண்டி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எர்த்தையும் விடாதீர்கள். இசியூவின் எர்த் வயர்கள் பல வண்டிகளில் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் உலோகக் குழாய்) ஒரே போல்ட்டில் வந்து சேரும், யாராவது மேனிஃபோல்டுக்குப் பெயின்ட் அடித்து அதன்மேலேயே முறுக்கியிருப்பார்கள். இதை ஓம் மீட்டரில் பார்த்துப் பயனில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் ஓம் மீட்டர் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் மின்னோட்டம் துளியூண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் இசியூ எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், 0.1-க்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

அப்புறம், காற்று அளக்கும் மீட்டரின் கருப்பு மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை நகர்த்தச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரு பல்கூட நகர்த்தாதீர்கள். இன்ஜெக்டரைச் சோதிக்கிறேன் என்று பேட்டரியை நேராகக் கொடுக்கவும் வேண்டாம். அதன் சுருள் இரண்டு மூன்று ஓம்தான், தொடரில் இருக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் 12 வோல்ட் கொடுத்தால் நாலைந்து ஆம்பியர் பாயும், பிடித்துக்கொண்டே நின்றால் சுருள் கருகிவிடும்.

கரிப்பிளக்:

எர்த் 0.04, பிரச்சினையில்லை. இசியூ பிளக்கில் சென்சார் அளவு 2240 ஓம்! சென்சாரிலேயே வைத்து அளந்தால் அதே 310. ஒரு கையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஹார்னஸை (வயர்க் கட்டை) அங்குலம் அங்குலமாக ஆட்டிக்கொண்டே போனேன். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) வயர் நுழையும் ரப்பருக்கு ஒரு சாண் முன்னால் தொட்டதும் எண் 900-க்கும் 4000-க்கும் நடுவே குதித்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ இரண்டு வயரை வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள், சால்டரும் இல்லை ஒன்றும் இல்லை. செம்பு பச்சையாகக்கூட இல்லை, கருப்பாகப் போய்ப் பொடியாக உதிர்ந்தது.

கெட்டதை வெட்டிப் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். இசியூ பிளக்கில் இப்போது 318. புகை சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் சூடான பிறகு ஐடில் 1400-ல் போய் நிற்கிறது, இது என்ன புதுசாக?

வயர்நோண்டி:

புதுசு இல்லை. பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் அணைந்துகொண்டே இருந்ததால் உங்களுக்கு முன்னால் யாரோ த்ராட்டில் பாடியில் இருக்கும் ஐடில் காற்று ஸ்க்ரூவைத் திறந்துவிட்டு ஓட்டியிருப்பார்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, உங்கள் வண்டிக்குச் சொன்ன ஆர்பிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். மூடியும் இறங்கவில்லை என்றால் ஆக்ஸிலரி ஏர் வால்வின் (குளிரில் ஐடிலுக்குக் கூடுதல் காற்று விட்டு, சூடானதும் மூட வேண்டியது) குழாயை இடுக்கியால் நெரித்துப் பாருங்கள், அது சூட்டில் மூடாமல் இருக்கலாம். வண்டியில் முதலில் இருந்த இசியூவைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், கெட்டது என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லையே.